பறவை எச்சம் ஏரியைப் பச்சையாக்குமா? மூக்கனேரியில் நான் சோதித்த முறை

சேலம் மூக்கனேரிக் கரையில் ஒரு கருவேல மரம் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கிறது. பொழுது சாய்ந்தால் நீர்க்காகங்களும் கொக்குகளும் அதில் வந்து அடையும். இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். அடியில் தண்ணீர் மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக இருந்தது. எச்சம்தான் பாசியை வளர்க்கிறது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அதை முறைப்படி சோதிக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது.

1. கேள்வி

"பறவைகள் ஏரிக்கு நல்லதா?" என்று கேட்டால் எதை அளப்பது? "பறவை அடையும் மரத்தடித் தண்ணீர், அடையாத மரத்தடித் தண்ணீரைவிடப் பச்சையாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். இதற்கு 'இல்லை' என்றும் பதில் வரலாம். அப்படி வரக்கூடிய கேள்விதான் வேண்டும்.

என் ஊகத்துக்குக் காரணம் இருந்தது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு, இரண்டும் பாசிக்கு உரம். வேடந்தாங்கல்காரர்கள் இதை வயலில் கண்டுகொண்டவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்லது என்பதால் பறவைகளைக் காத்தார்கள். 1798ல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடம் அதற்கு உத்தரவும் பெற்றார்கள்.

என்ன அளவு வந்தால் உங்கள் ஊகம் தப்பு என்பதை அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு நமக்குச் சாதகமாக வளைத்துவிடும்.

2. கருவிகள்

எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். பத்து மடங்கு காட்டும் 10x கையில் ஆடும், எண்ணிக்கை தப்பும். குறிப்பெடுக்க பென்சில்தான், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

தண்ணீரின் தெளிவை அளக்க 1865ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திய வட்டத்தட்டு முறை உண்டு. தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது. ஆனால் கரையோரத்தில் தட்டு மறைவதற்கு முன்பே தரை தட்டிவிடும். அதனால் ஒரு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வாங்கி, அடியை அடைத்து, உள்ளே கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டம் மறையும் உயரத்தை எழுதுங்கள்.

3. ஒப்பிடும் இடம்

நான் சறுக்கியது இங்கேதான். முதலில் அந்த மரத்தடியையும் இருநூறு அடி தள்ளி இருந்த வெட்டவெளிக் கரையையும் ஒப்பிட்டேன். பெரிய வித்தியாசம் வந்தது, ரொம்ப சந்தோஷம். ஒரு நல்ல மழைக்குப் பிறகு போனபோதுதான் மரத்துக்குப் பக்கத்திலேயே தெருத் தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால் இருப்பதைப் பார்த்தேன். சோப்பும் சாக்கடையும் கலந்த அந்தத் தண்ணீரும் பாசிக்கு உரம்தானே? மரத்தடியில் நிழல், வெட்டவெளியில் வெயில். காற்று வேறு பாசியை ஒரு கரைக்கே ஒதுக்கிவிடும். இத்தனையும் மாறும்போது பறவையை மட்டும் எப்படிக் காரணம் சொல்வது? எழுதிய கணக்கு முழுவதையும் தள்ளிவைத்தேன்.

ஒப்பிட எடுக்கும் இடமும் ஒரு மரத்தடியாகவே இருக்கட்டும். அதே நிழல், அதே ஆழம், காற்றுக்கு அதே பக்கம், இரண்டுமே வாய்க்காலுக்குத் தள்ளி. பறவை மட்டும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு வகையிலும் மூன்று மரமாவது தேடுங்கள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கரையைச் சுற்றித்தான் கண்டுபிடித்தேன்.

4. எண்ணுவதும் அளப்பதும்

அடையவரும் பறவைகளைச் சாயங்காலம், வரவர எண்ணுங்கள். இனம் பிரித்து எண்ணுவது முக்கியம். உண்ணிக்கொக்கு வயலில் பூச்சி தின்றுவிட்டு ஏரியில் எச்சமிடுகிறது, வெளியிலிருந்து சத்தைக் கொண்டுவருகிறது. நீர்க்காகம் இதே ஏரி மீனைத் தின்றால், ஏரிச் சத்தே சுற்றி வருகிறது. கூடு கட்டும் காலத்தில் மரத்தை நெருங்கவே வேண்டாம்.

குழாய் அளவு கலங்கலைத்தான் சொல்லும். அது மண்ணா பாசியா என்று சொல்லாது. ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். மண் பெரும்பாலும் அடியில் படியும், பாசியில் பல வகை பச்சையாக மிதந்து நிற்கும். பலத்த மழைக்குப் பின் சில நாள் அளக்காதீர்கள்.

5. பாட்டில் சோதனை

ஒரே மாதிரி ஆறு பாட்டிலில் ஏரித் தண்ணீர். மூன்றில் மட்டும் அரை கிராம் காய்ந்த எச்சம். ஆறையும் ஒரே ஜன்னலில், மூடியை இறுக்காமல், கொசு புகாதபடி துணி கட்டி வையுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

எனக்கு எச்சம் போட்டவை முதலில் பச்சையாயின. ஆனால் மரத்தடிகளில், வாய்க்காலை விலக்கிப் பார்த்தபோது, வித்தியாசம் முதலில் நினைத்ததைவிட மிகச் சிறியது.

பின்சேர்க்கை: ஆறு பாட்டிலும் ஒரே மாதிரி பச்சையாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சோதனை கெட்டுவிடவில்லை. அவர் எடுத்த ஏரித் தண்ணீரில் ஏற்கெனவே சத்து மிகுந்திருக்கலாம், கூட்டிப் போட்டது தெரியாது. ஏற்காடு மலையடிவார ஓடைத் தண்ணீரை எடுத்து, பாசி விதைக்காக எல்லா பாட்டிலிலும் ஒரே அளவு, ஒரு கரண்டி ஏரித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருந்தால் பாசி வளராமல் போகலாம்.