கிராசியா தெருத் திருவிழா: முதல் தடவை போகிறவர்களுக்கு

பார்சிலோனாவில் ஆகஸ்ட் 15 முதல் 21 வரை கிராசியா பகுதியின் 'ஃபெஸ்டா மஜோர்' நடக்கும். 1897 வரை கிராசியா தனி ஊர். அப்புறம்தான் நகரத்தோடு சேர்த்தார்கள். அந்த வீம்பு இன்னும் போகவில்லை. காலி பாட்டில், முட்டை அட்டை, பழைய அட்டைப்பெட்டி என்று மாதக்கணக்கில் சேர்த்து, தெருக்காரர்களே தங்கள் தெருவைக் காடாகவோ கடலடியாகவோ மாற்றிவிடுகிறார்கள். எந்தத் தெரு அழகு என்று போட்டியும் உண்டு. டிக்கெட் கிடையாது.

1. மெட்ரோ. பச்சை நிற எல்3 தடத்தில் எல்லோரும் ஃபொன்தானாவில் இறங்குவார்கள். நீங்கள் லெசெப்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து கடலை நோக்கி இறக்கம்தான். ஆகஸ்ட் வெயிலில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள்.

2. அலங்காரத்தைக் காலையில் பாருங்கள். இரவில் விளக்கு வெளிச்சம் அழகுதான், ஆனால் வெர்தி மாதிரிப் பேர்பெற்ற தெருவில் கூட்டம் தள்ளுகிற திசையில்தான் நகர முடியும். காலையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஒரு ஜெல்லி மீனை உற்றுப் பார்த்தேன்: உடம்பு தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம், கால்கள் சுருள் சுருளாக வெட்டிய அதே பாட்டில். நடுத்தெருவில் நீள மேசை போட்டுச் சாப்பிடுகிறார்களா? அது தெருக்காரர்களின் விருந்து, நாம் போய் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன். சிரித்தபடியே எழுப்பிவிட்டார்கள்.

3. கொரெஃபோக், அதாவது தீ ஓட்டம். நான் வசமாக மாட்டிக்கொண்டது இங்கேதான். சாத்தான் வேடம் போட்டவர்கள் கவைக்கோலின் நுனியில் வெடி கட்டிப் பற்றவைப்பார்கள். அது சங்கு சக்கரம்போலச் சுழன்று கூட்டத்தின் தலைமேல் பொறியைக் கொட்டும். ஜனம் அதற்கடியில் புகுந்து ஆடும். வியர்வை சீக்கிரம் காயட்டும் என்று பாலியெஸ்டர் டி-ஷர்ட் போட்டுப் போயிருந்தேன். பொறி விழுந்த இடமெல்லாம் உருகித் தோலில் ஒட்டியது. அறைக்கு வந்து எண்ணினால் முதுகில் மட்டும் 11 ஓட்டை.

ஆகவே, முழுக்கைப் பருத்திச் சட்டை, அதுவும் பழசு. பருத்தி கருகுமே தவிர உருகாது. முழு பேன்ட், மூடிய ஷூ, தலைக்குப் பருத்தித் தொப்பி அல்லது கழுத்துவரை சுற்றிய துண்டு. கண்ணுக்கு விலை மலிவான பிளாஸ்டிக் கண்ணாடி. கூலிங் கிளாஸ் இருட்டில் உதவாது. காதில் பஞ்சு. அட்டகாசமான கேமரா எல்லாம் வேண்டாம், போனே போதும். இவ்வளவு தயாரிப்பு இல்லையென்றால் தெருவோரச் சுவரோடு நிற்காதீர்கள், பொறி அங்கும் வரும். பக்கத்துச் சந்துக்குள் தள்ளி நின்று பாருங்கள். மாடியில் இருப்பவர்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்லவும் கூடாது.

4. குடிக்க வாங்கினால் டம்ளருக்கு முன்பணம் கேட்பார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு வரும். நான் இரண்டு டம்ளரை ஊருக்கே எடுத்து வந்துவிட்டேன்.

பின்சேர்க்கை: குழந்தையோடு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சிறுவர்களுக்கென்றே தனி கொரெஃபோக் உண்டு. பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரமே, சின்ன அளவில் நடக்கும். நிகழ்ச்சிநிரலில் அதன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை அதற்கும் வேண்டும்.