ஷெர்ரி பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட்: சுவைக்கும்போது தவிர்க்க வேண்டியவை

சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து மட்டும் செய்யும் விஸ்கி. அதை வேறு பீப்பாயில் முதிரவைத்து, கடைசியில் ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றினால், அடியில் மால்ட், மேலே ஷெர்ரி என இரண்டு ருசி உண்டு. அவசரப்பட்டால் மேலே இருப்பது மட்டும்தான் கிடைக்கும்.

ஸ்காட்லாந்தின் டஃப்டவுனில் வடிக்கப்படும் பால்வெனி 12 வருட டபுள்வுட்டைப் பாருங்கள். முதலில் வழக்கமான விஸ்கி பீப்பாயில் 12 ஆண்டு, பிறகு ஓலோரோசோ என்ற அடர்நிற ஷெர்ரி இருந்த பீப்பாயில் 9 மாதம். தேனும் வனிலாவும் முதல் பீப்பாய் தந்தவை. உலர்திராட்சையும் பட்டை வாசமும் இரண்டாவது தந்தவை.

நிறம் அடர்த்தியாக இருந்தால் வயது அதிகம் என்று நம்பாதீர்கள். ஸ்காட்ச் விதிகள் கேரமல் நிறமியை அனுமதிக்கின்றன. லேபிளில் உள்ள வயது, அதில் கலந்த விஸ்கிகளிலேயே மிக இளையதன் வயது.

ஐஸ் வேண்டாம். குளிரில் மணம் எழும்பாது, பீப்பாயின் ஓக் மரத் துவர்ப்புதான் தூக்கலாகத் தெரியும்.

அதிகம் நடக்கும் தவறு முகர்வதில்தான். ஒயினைப் போல வேகமாகச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் ஏறி மூக்கு மரத்துவிடும். அப்புறம் எதுவும் பிடிபடாது. வாய் குறுகிய துலிப் வடிவ கிளாஸில் 20 மில்லி ஊற்றி, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல முகருங்கள். பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், வால்நட் என்று ஒவ்வொன்றாக வரும். எரிந்த தீக்குச்சி வாடை வந்தால் அது கந்தகம். காலி ஷெர்ரி பீப்பாய் கெடாமலிருக்க உள்ளே கந்தகம் எரிப்பதுண்டு. லேசாக இருந்தால் காற்றுப் பட்டுக் குறையக்கூடும்.

முதல் மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது நாக்கைப் பழக்க மட்டுமே. இரண்டாவதை 10 விநாடி வாயில் வைத்திருந்து விழுங்குங்கள்.

தண்ணீரைக் கணக்காகச் சேருங்கள். 58 சதவீதம் ஆல்கஹால் உள்ள விஸ்கி 20 மில்லிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சேர்த்தால் சுமார் 46 சதவீதத்துக்கு இறங்கும். 40 சதவீத விஸ்கிக்குச் சில சொட்டு போதும். கூடினால் ருசி நீர்த்துவிடும். குளிர்வித்து வடிகட்டாத, அதாவது இயல்பான கொழுப்புப் பொருள்களை நீக்காத, விஸ்கி தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கினால், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவவும் வேண்டாம். ராத்திரி முழுக்க அப்படியே வைத்து, காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் பறந்துபோயிருக்கும், பீப்பாயின் மரவாசம் தனியாகத் தெரியும்.