டாக் லெவலர்: குழி வெட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கிடங்கு கட்டுகிறவர்கள் சிலர் தங்கள் வரைபடங்களை என்னிடம் காட்டுவதுண்டு. கடைசியாக வந்ததிலும் அதே பழைய தவறு இருந்தது: டாக் லெவலரின் நீளம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். லாரியை நேராக நிறுத்துங்கள், லெவலர் மேல் பொருளை அடுக்கி வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

லெவலரின் வேலை எளிது: கிடங்குத் தளத்துக்கும் லாரித் தளத்துக்கும் இடையே பாலமாக இருப்பது. கிடங்குத் தளத்தின் விளிம்பில் ஒரு குழி, அதில் ஒரு இரும்புத் தட்டு. தட்டின் பின்பக்கம் கீல், முன்பக்கம் நாக்கு மாதிரி மடங்கி விரியும் லிப். லாரி வந்து நின்றதும் தட்டு மேலே எழும்பும், லிப் விரியும், பிறகு மெல்ல இறங்கி லாரியின் தளத்தில் அமரும். அப்புறம் அதன்மேல் ஃபோர்க்லிஃப்ட் போய் வரும். சரக்கு ஏற ஏற லாரி அமிழும், இறக்க இறக்க எழும்பும். தட்டும் அதன் கூடவே அசைந்து கொடுக்க வேண்டும்.

நீளத்தில் மிச்சம் பிடிப்பது

விலைப்பட்டியலில் "மேலே 300 மி.மீ., கீழே 300 மி.மீ. வரை எட்டும்" என்று போட்டிருப்பார்கள். நம் தளம் 1200 மி.மீ., வருகிற லாரியின் தளம் 1500 மி.மீ., வித்தியாசம் 300 மி.மீ. "சரி, 2 மீட்டர் தட்டு போதும்" என்று ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். தட்டு எட்டும், அதில் சந்தேகமில்லை. அதன்மேல் ட்ராலியும் ஃபோர்க்லிஃப்டும் ஓடுமா என்பதுதான் கேள்வி.

300 மி.மீ. உயரத்தை 2 மீட்டரில் ஏறினால் சரிவு 15 சதவீதம். அதே உயரத்தை 3 மீட்டரில் ஏறினால் 10 சதவீதம். லிப் நீளத்தையும் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பொதுவாகப் பின்பற்றும் கணக்குப்படி அதிகபட்சச் சரிவு, பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகையை) கையால் இழுக்கும் ட்ராலிக்கு 3 சதவீதம், பேட்டரி பேலட் ட்ரக்குக்கு 7, பேட்டரி ஃபோர்க்லிஃப்டுக்கு 10, எஞ்சின் ஃபோர்க்லிஃப்டுக்கு 15. ஐரோப்பாவின் ஈஎன் 1398 தரநிலை 12.5 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறது. கை ட்ராலிதான் ஓடப்போகிறது என்றால் 2 மீட்டர் தட்டு 60 மி.மீ. வித்தியாசத்தைத்தான் சமாளிக்கும்!

ஒரு கிடங்கில் எல்லா வாசலிலும் 2 மீட்டர் லெவலர் போட்டார்கள். முதலில் வந்தவை தளத்தின் உயரத்துக்கே நிற்கிற லாரிகள் என்பதால் தொல்லை இல்லை. பிறகு உயரமான சேஸியில் கன்டெய்னர்கள் வரத் தொடங்கின. லிப்பும் கன்டெய்னர் தளமும் சேரும் மேட்டில் ஃபோர்க்லிஃப்டின் அடிவயிறு உரசியது. ட்ராலியைத் தள்ள இரண்டு பேர், திரும்பி வரும்போது பிடித்து நிறுத்த இரண்டு பேர். கடைசியில் வாசல்களை ஒவ்வொன்றாக மூடி, கான்கிரீட்டை உடைத்து, குழியை நீட்டி, லெவலரை மறுபடியும் வாங்கினார்கள். முதலிலேயே நீளமானதை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவு இதற்குப் பக்கத்தில்கூட வராது. "எல்லா இடத்திலும் 2 மீட்டர்தான் போடுகிறார்கள்" என்று அன்று சொன்னவர்கள் உடைக்கும்போது அங்கே இல்லை. இன்றைக்கும் அதே வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். வரப்போகிற வண்டிகளில் மிக உயரமானதை வெறும் வண்டியாகவும், மிகத் தாழ்வானதைச் சரக்கோடும் அளந்து பாருங்கள். தளத்தின் உயரத்தை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். மிஞ்சுகிற வித்தியாசத்தை, உங்களிடம் ஓடுகிற ட்ராலி, ஃபோர்க்லிஃப்ட் வகைகளில் எதற்குச் சரிவு ஆகவே ஆகாதோ அதன் சதவீதத்தால் வகுத்தால் நீளம் வந்துவிடும். குழி அதற்குப் பிறகுதான்.

சரக்கின் எடையை மட்டும் பார்ப்பது

2 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், தானே மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். தட்டு இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும், அதுவும் ஓடுகிற வேகத்தில். சரக்கோடு போகும்போது பெரும்பாலான எடை முன் சக்கரங்களில் இறங்கும்.

பம்பரை மாற்றிவிட்டு லிப்பை மறப்பது

லாரி இடிக்காமல் இருக்கத் தளத்தின் விளிம்பில் பொருத்தும் பம்பர் 100 மி.மீ. தடிமன், லிப் 400 மி.மீ. என்றால் கையில் இருப்பது 300. லாரியின் பின்சட்டம், கதவு இடைவெளி போக, குறைந்தது 100 மி.மீ. லாரித் தளத்தில் படிய வேண்டும். லாரி நிற்கும் தரை கிடங்கை நோக்கிச் சரிந்திருந்தால் லாரிக் கூண்டின் மேல்பகுதி கிடங்குச் சுவரில் இடிக்கும். அதற்காகத் தடித்த பம்பர் போடுவார்கள், லிப்பை அப்படியே விட்டுவிடுவார்கள்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார்" என்று நம்புவது

ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய்ப் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் லாரி கொஞ்சம் முன்னால் நகரும். லிப் நழுவினால் தட்டு விழும். ஹைட்ராலிக் லெவலரில் அந்த வீழ்ச்சியை நிறுத்த ஒரு வால்வு உண்டு. ஸ்பிரிங் லெவலரில் பாதுகாப்புக் கால்கள் தாங்கும். ஆனால் அதே கால்கள், லாரித் தளம் கிடங்கைவிடத் தாழ்ந்து அமிழும்போது தட்டை இறங்க விடாமல் பிடித்து, லிப்பை அந்தரத்தில் நிறுத்திவிடும். தாழ்வான லாரி வந்தால் கால்களை மடக்குங்கள். எந்த லாரி வந்தாலும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுக்கு அடியில் போவது

தட்டு விழாமல் தாங்கும் முட்டுக்கால் நிறுத்தாமல் கூடவே கூடாது.

குழியைக் கூட்டாமல் விடுவது

பேலட் மரச்சில்லு சேர்ந்தால் தட்டு முழுதாக இறங்காது, லிப்பும் சரியாக மடங்காது. கூட்டுகிறவருக்கும் மேலே சொன்ன முட்டுக்கால் பொருந்தும்.