குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க: முதலில் கசிவு, பிறகு கருவி

நீரைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் எரிவாயு பாய்லர் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தர ஏறத்தாழ 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது; எண்ணெய் பாய்லர் இன்னும் அதிகம். இதைக் குறைக்க விரும்புபவர்கள் பலரும் நேராக ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வாங்கப் போகிறார்கள். அது தலைகீழ் வரிசை. இடுக்குகள் வழியே காற்று கசியும் வீட்டுக்கு அளவெடுத்த கருவி, கசிவை அடைத்தபின் தேவைக்கு மிஞ்சிப்போகும். நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும், கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும்.

காற்று வீசும் நாளில் கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் சட்டம், கதவின் அடி, குழாய் நுழையும் துளை, பரண் மூடி ஆகியவற்றின் அருகே பிடியுங்கள். புகை சட்டென்று சாய்ந்தால் அங்கே கசிவு. திறந்து மூடும் விளிம்புக்கு ரப்பர் பட்டை, அசையாத விரிசலுக்கு சீலன்ட். பாய்லருக்கோ அடுப்புக்கோ காற்று வரும் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எதை எரித்தாலும் அதற்கான அலாரம் வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

அடுத்து, ரேடியேட்டருக்கு, அதாவது சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டுக்கு, போகும் நீரின் சூடு. இதைத்தான் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கண்டென்சிங் பாய்லரில் திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான், புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தையும் கொடுக்கும். 75 டிகிரியில் ஓட்டினால் அந்த வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். கடுங்குளிர் நாளொன்றில் அனுப்பும் நீரை 55 டிகிரிக்கு இறக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். அறைகள் சூடாகவே இருந்தால், இந்த ரேடியேட்டர்களே ஹீட் பம்புக்கும் போதும். ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் முதலில் ரேடியேட்டரில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகும் சூடேறாவிட்டால் பெரிய ரேடியேட்டர் மாட்டலாம். குளியல் நீர் சேமிக்கும் தொட்டியை மட்டும் 60 டிகிரிக்குக் கீழ் இறக்கக் கூடாது, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரும்.

இதெல்லாம் முடிந்தபின் ஹீட் பம்ப். ஒரு பங்கு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று பங்கு வெப்பம் தரும். நீரின் சூட்டைக் கூட்டக் கூட்ட அந்தப் பலன் குறையும். அதனுள் சுழன்று வெப்பத்தைச் சுமக்கும் குளிரூட்டி வாயு எது என்றும் கேட்டு வாங்குங்கள். ஆர்-410ஏ கசிந்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,000 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-290 எனப்படும் புரோப்பேனின் பாதிப்பு அதன் அருகில்கூட வராது. ஆனால் அது தீப்பற்றக்கூடியது என்பதால், வெளி யூனிட்டை ஜன்னலுக்கும் வடிகாலுக்கும் தள்ளியே வைக்க வேண்டும்.

விறகுதான் எரிப்பீர்கள் என்றால், பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு ஓராண்டாவது உலர்த்துங்கள். உலர்ந்த கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழ் காட்ட வேண்டும். ஈர விறகு புகைந்து நுண்துகள்களைக் கக்கும், புகைபோக்கியில் தார் படியும், அதுவே பின்னால் தீப்பிடிக்கும். இரவெல்லாம் கனியட்டும் என்று காற்றுத் துளையை அடைத்து வைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.