ட்சுகிமி: இலையுதிர்கால நிலாவை வீட்டில் வரவேற்பது எப்படி?

ஜப்பானில் செப்டம்பர் பாதிக்கு மேல் கடைத்தெரு முகமே மாறிவிடும். எங்கே பார்த்தாலும் வெள்ளை உருண்டைகள், முயல் பொம்மைகள், கட்டுக்கட்டாகப் புல். பகலில் வெயில் இன்னும் சுடும். ஆனால் மாலையானால் புதருக்குள்ளிருந்து பூச்சிகள் மணி அடிப்பதுபோல் ஒலிக்கத் தொடங்கும். இலையுதிர்காலம் வந்துவிட்டதை அங்கே நிலாவைப் பார்த்துக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளுக்குப் பெயர் ட்சுகிமி. ட்சுகி என்றால் நிலா, மி என்றால் பார்ப்பது.

நான் டோக்கியோவுக்கு வந்த முதல் வருடம், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தட்டு உருண்டையோடு கதவைத் தட்டினார். அடுத்த வருடம் அவர் சமையலறையில் நின்று செய்முறையைக் கற்றுக்கொண்டேன். புதிதாகச் செய்பவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

நாள் பார்ப்பது

பழைய சந்திர நாள்காட்டியின் எட்டாம் மாதம், பதினைந்தாம் இரவு. ஜூகோயா என்பார்கள். 2026இல் அது செப்டம்பர் 25. அந்த வருடம் முழுநிலா என்னவோ ஜப்பானில் 27ஆம் தேதி அதிகாலையில்தான். சந்திர மாதக் கணக்கும் பௌர்ணமியும் இப்படி ஓரிரு நாள் விலகுவது சகஜம். கொண்டாட்டத்துக்குப் பதினைந்தாம் இரவுதான் கணக்கு. நமக்கு அது பெரும்பாலும் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும்.

புல்லும் கிழங்கும்

முதலில் புல். சுசுகி என்று பெயர், நம் நாணல் மாதிரி உயரமாக வளர்ந்து நுனியில் வெள்ளிக் கதிர் விடும். ஏன் புல்? அந்தச் சமயத்தில் நெல் இன்னும் முழுதாக அறுவடை ஆகியிருக்காது. நெற்கதிருக்குப் பதிலாக, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இந்தக் கதிரை வைக்கிறார்கள். அந்தத் தண்டுக்குள் தெய்வம் வந்து தங்கும் என்பதும் நம்பிக்கை. ஐந்தாறு தண்டு போதும், உயரமான குவளையில் வையுங்கள். ஓரம் கையைக் கிழிக்கும், வெட்டும்போது கவனம். ஊரில் இருப்பவர்கள் ஆற்றங்கரை நாணலை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சேப்பங்கிழங்கு. இந்த நிலாவுக்கே கிழங்கு நிலா என்று ஒரு பெயர் உண்டு, அந்தப் பருவத்தில் முதலில் தோண்டி எடுப்பது அதுதான். சின்னக் கிழங்காகப் பார்த்து, தோலோடு ஆவியில் வேகவைத்து, தலைப்பக்கத் தோலை மட்டும் கத்தியால் சுற்றிக் கீறி எடுத்துவிடுங்கள். அடியில் இரண்டு விரலால் அமுக்கினால் கிழங்கு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உப்பு தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

உருண்டை பிடிப்பது

இதுதான் நாளின் மையம். பெயர் தாங்கோ. பதினைந்தாம் இரவு என்பதால் 15 உருண்டை.

ஜப்பானில் இருந்தால் ஜோஷின்கோ 100 கிராம், ஷிராதமாகோ 100 கிராம் வாங்குங்கள். முன்னது சாதாரண அரிசி மாவு, பின்னது பசை அரிசி மாவு. ஷிராதமாகோ கட்டி கட்டியாக இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் கரைத்துவிட்டு, பிறகு மற்ற மாவைச் சேருங்கள். மொத்தம் சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் பிடிக்கும். ஒரே தடவையில் ஊற்றிவிடாதீர்கள். கடைசி இரண்டு ஸ்பூன் தண்ணீரில்தான் மாவு கெட்டுப்போவதும் சரியாக வருவதும்.

பதம் எப்படித் தெரியும்? பாட்டி ஒரு கையால் மாவை அமுக்கினார், மறுகையால் தன் காது மடலின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மென்மை என்றால் சரி. அங்கே எல்லா வீட்டிலும் சொல்லும் அளவு இது. நானும் இன்றுவரை மாவுக் கையோடு காதைத் தொட்டுப் பார்த்துத்தான் உருட்டுகிறேன்.

மாவை நீளமாக உருட்டி 15 துண்டாக்கி, ஒவ்வொன்றையும் விரிசல் இல்லாமல் உருட்டுங்கள். உருட்டிய பிறகு மேலே லேசாக ஒரு அழுத்து அழுத்துங்கள். முழு உருண்டையாக விடக்கூடாது, இறந்தவர்களுக்குப் படைக்கும் உருண்டைதான் அப்படி இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் முதலில் அடியில் கிடக்கும், வெந்தால் மேலே மிதக்கும். மிதந்த பிறகும் மூன்று நிமிடம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் எடுத்துப் போட்டு, வடித்து, விசிறியால் விசிறுங்கள். மேலே பளபளப்பு ஏறும்.

பசை அரிசி மாவு கிடைக்காதவர்கள் பச்சரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, கொழுக்கட்டை போல ஆவியில் வேகவைக்கலாம். மென்மை கொஞ்சம் குறையும், ஆனால் சூட்டோடு சாப்பிட்டால் அருமையாகவே இருக்கும். உருண்டையில் இனிப்பு கிடையாது. சாப்பிடும்போது சர்க்கரை கலந்த வறுத்த சோயா மாவையோ, சிவப்புப் பயறு இனிப்பு விழுதையோ தொட்டுக்கொள்வார்கள். கியோட்டோ பக்கம் உருண்டையையே கிழங்கு வடிவில் பிடித்து, மேலே அந்த விழுதைச் சுற்றிவிடுவார்கள்.

அடுக்குவதும் வைப்பதும்

நன்றாக ஆறிய பிறகு அடுக்குங்கள், சூட்டில் சரிந்துவிடும். அடியில் 9, நடுவில் 4, உச்சியில் 2. சன்போ என்ற மரப்பீடத்தில் வெள்ளைத் தாள் விரித்து வைப்பது முறை. தட்டு போதும், தாளை மட்டும் விடாதீர்கள்.

நிலா தெரியும் ஜன்னல் அல்லது மாடியில் வையுங்கள். நிலாவின் பக்கமிருந்து பார்த்தால் இடதுபுறம் புல்லும் கிழங்கும், வலதுபுறம் உருண்டை வர வேண்டும். நாம் நிலாவைப் பார்த்து நின்றால் புல் நம் வலது கைப்பக்கம். இயற்கை தந்ததற்கு உயர்ந்த இடம், மனிதர் செய்ததற்கு அடுத்த இடம். எனக்கு இந்தச் சடங்கில் ரொம்பப் பிடித்தது இந்த ஒழுங்குதான். யார் இடது, யார் வலது என்பதையே நிலாவின் கண்ணிலிருந்து தீர்மானிக்கிறார்கள்.

பார்ப்பது

விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். நமக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள், அவர்களுக்கு முயல் உரலில் அரிசி குத்துகிறது. அந்த முயல், பசித்தவருக்குத் தன்னையே உணவாகத் தந்த புத்த ஜாதகக் கதை முயல்தான், நம் பக்கமிருந்து போனது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன், ஹெயான் காலப் பிரபுக்கள் படகில் போய், தண்ணீரில் விழுந்த நிலாவைப் பார்த்தார்கள். கியோட்டோவின் தைகாகுஜி கோயிலில் ஓசாவா குளத்தில் இன்றும் படகு விடுகிறார்கள். வீட்டில் ஒரு அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதே நிலா வரும். மேகம் மூடினால் எழுந்து போய்விடாதீர்கள். நிலா தெரியாத அந்த இரவுக்கும் முகெட்சு என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், மழை வந்தால் உகெட்சு.

படைத்ததை அன்றிரவே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் கல்லாகிவிடும். சில ஊர்களில் பிள்ளைகள் அடுத்த வீட்டு உருண்டையைத் திருடிக்கொண்டு ஓடுவார்கள். நிலாவே வந்து எடுத்துக்கொண்டதாக நினைத்து அந்த வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அதனால் தட்டைக் கொஞ்சம் எட்டும் இடத்தில் வையுங்கள். புல்லைத் தூக்கிப் போடாமல் வாசல் கூரையோரம் கட்டுங்கள், கூரான இலை கெட்டதை அண்டவிடாது என்பார்கள்.

ஒரு நிலாவை மட்டும் பார்த்து நிறுத்துவது ஆகாது என்பது பழைய வழக்கம். ஒன்பதாம் மாதத்தின் பதின்மூன்றாம் இரவையும் பார்க்க வேண்டும், 2026இல் அக்டோபர் 23. அன்றைக்கு 13 உருண்டை, அடியில் 9, மேலே 4. கிழங்குக்குப் பதில் செஸ்ட்நட் கொட்டையும் அவரையும். இந்த முறை பாட்டியை என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.