மாதிரி ரயில் பாதையில் பாயின்ட்டுடன் சிக்னல் விளக்கை இணைக்கும் முறை

பாயின்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் தண்டவாளப் பிரிவு) உண்மையில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதையே சிக்னல் காட்ட வேண்டும் என்பதால், கட்டுப்பாட்டுப் பலகையின் பொத்தானிலிருந்து அல்லாமல், பாயின்ட் மோட்டாருடன் சேர்ந்து நகரும் துணை சுவிட்சிலிருந்தே விளக்குக்கு இணைப்பு எடுப்பது சரியானது. தண்டவாள மின்சாரத்தைத் தவிர்த்து, தனியான 12 வோல்ட் டி.சி. அடாப்டரைப் பயன்படுத்துங்கள். அதன் எதிர்முனையைச் சுவிட்சின் பொது முனையிலும், சுவிட்சின் மற்ற இரு முனைகளைப் பச்சை, சிவப்பு எல்.இ.டி.களின் குட்டைக் கால்களிலும் இணையுங்கள். நீளக் கால்கள் இரண்டையும் சேர்த்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக அடாப்டரின் நேர்முனையுடன் இணைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விளக்கே எரிவதால் ஒரே ரெசிஸ்டர் போதும், ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் பாயும். சிறிய சிக்னல் கம்பத்துக்கு அந்த வெளிச்சம் கண்ணை உறுத்தும் என்பதால், 2.2 கிலோ ஓம் இன்னும் இயல்பாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு கணம்கூடச் சோதிக்காதீர்கள். நிறம் மாறி எரிந்தால், குட்டைக் கால்களுக்குச் செல்லும் கம்பிகளை இடம் மாற்றுங்கள்.