சாப்பிடுகிறான், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நடக்கும் தவறுகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் வீட்டில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." இது பிறவியிலேயே வரும் மரபணு நோய்; நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளில் சுரக்கும் திரவம் கெட்டியாகிவிடும். கணையத்தின் குழாய்களை அது அடைத்துக்கொள்கிறது. கொழுப்பைச் செரிக்கும் என்சைம் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடலை எட்டுவதே இல்லை. ஊட்டிய நெய்யில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும்.

எண்ணெய் மிதக்கும், நாறும் மலத்தைப் பார்த்ததும் நெய்யை நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு மாறுவதுதான் பெரிய தவறு. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் கொழுப்பைக் குறைத்த உணவு கொடுத்தார்கள். கனடாவின் டொராண்டோவில் கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்து, அதற்கேற்ற என்சைமும் கொடுத்தார்கள். 1988-இல் இரண்டு மையங்களையும் ஒப்பிட்டபோது நுரையீரல் திறன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் டொராண்டோவில் நோயாளிகள் உயரமாக இருந்தார்கள். பாதிப் பேர் உயிரோடிருக்கும் வயது அங்கே 30, பாஸ்டனில் 21. இன்று கலோரியில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்தே வரட்டும் என்கிறார்கள். வெண்ணெய், முட்டை, வேர்க்கடலை எல்லாம் இந்தக் குழந்தைக்கு மருந்து மாதிரி.

சரி, என்சைமும் கொடுக்கிறோம், அப்புறமும் ஏறவில்லையே என்றால், கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளுக்கு மேல்பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் என்சைம் கெடாமல் காப்பது அதுதான். மணிகளை நசுக்கினாலோ, பாலில் கலந்து வைத்தாலோ பூச்சு போய்விடும். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு ஆப்பிள் மசியலில் கலந்து, மெல்லவிடாமல், சாப்பாடு தொடங்கும்போதே கொடுக்க வேண்டும். வாயில் ஒட்டிக்கொண்ட மணி புண்ணாக்கும். மூன்று வேளை சரியாகக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிப் பாலையும் சாயங்கால முறுக்கையும் மறந்துவிடுவது ரொம்ப சகஜம். தாய்ப்பாலுக்கும் என்சைம் தேவை.

அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 500 முதல் 2,500 லைபேஸ் யூனிட் (லைபேஸ் என்பதுதான் கொழுப்பைச் செரிக்கும் என்சைம்). குழந்தை வளர்ந்திருக்கும், சீட்டில் அளவு போன வருடத்ததாகவே இருக்கும். அதற்காக நாமே ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 யூனிட்தான் உச்சம்; மிக அதிக அளவு எடுத்த குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கியதை 1990-களில் பார்த்தார்கள்.

வெயில் ஊர்களில் உப்பையும் கவனிக்க வேண்டும். வியர்வையில் உப்பு அதிகமாகப் போவதால் கைக்குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல், எடை ஏறாமல் நின்றுவிடும். எவ்வளவு உப்பு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டோடு துரத்துவது, திட்டி ஊட்டுவது எதுவும் கலோரியைக் கூட்டாது. சாப்பாட்டின் மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் எடை நின்றுவிட்டால், பழியைத் தட்டின் மேலேயே போடாதீர்கள். நெஞ்சில் சத்தமில்லாமல் தொற்று இருக்கலாம், எதுக்களிப்பு இருக்கலாம். பெரிய பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வரலாம்; அதனால்தான் பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை குளுக்கோஸ் குடிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். சர்க்கரை என்றதும் தாத்தாவின் பத்தியத்தைப் பேரனுக்கும் போடுவது இங்கே ஆபத்து. இவனுக்கு வேண்டியது இன்சுலின், குறைந்த சாப்பாடு அல்ல.

நோயின் மூலக் குறையையே சரிசெய்ய முயலும், 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரைகாஃப்டா போன்ற மருந்து கிடைக்கும் பிள்ளைகளிடம் இப்போது தலைகீழ்த் தவறும் நடக்கிறது. எடை நன்றாக ஏறிய பிறகும் பழைய பழக்கத்தில் எல்லாவற்றிலும் வெண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.